வடிவு அழவில்லை

"ஒரு வாய் களிக்கு ஒரு சொம்புத் தண்ணி! ஏன்டி, நீ சோறு திங்கறயா, தொட்டி ரொப்பறயா?"

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் பாப்பம்மாள் ஆரம்பித்துவிட்டாள். வடிவு வாயில் போட்ட களி தொண்டையிலேயே நின்றது. தண்ணீர் விட்டால்தான் இறங்கும். நாலு வருஷமாக அப்படித்தான். வேலை செய்து பிழைக்கிறவளுக்கு வரக்கூடாத வியாதி என்று அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

சுவரோரம் ஓரகத்தி சுலோசனா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் வடிவு பெற்ற பெண் குழந்தை, பிறந்து இருபத்திரண்டு நாள். பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் அது தாயிடம் வரும். வாய் துடைத்த கையோடு திரும்பிப் போய்விடும். இது மாமியார் போட்ட சட்டம். சுலோசனா கெட்டவள் இல்லை. இரண்டு பையன்களைப் பெற்றுவிட்டுப் பெண் குழந்தைக்கு ஏங்கிக் கிடந்தவள், அவ்வளவுதான்.

"முப்பது கழியட்டும். பாப்பா சுலோசனாகிட்டயே வளரட்டும். நீ கோபிநத்தம் போய் உங்கம்மா ஊட்டுல இரு. பெத்த பையன் செத்துக் கெடந்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்மனசுக்காரி நீ! உன் கையில இன்னொரு உசுரைக் குடுத்துட்டு நான் பாத்துட்டு நிக்க மாட்டேன்..."

வடிவு கணவன் முகத்தைப் பார்த்தாள். உதயகுமார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். தேவராஜ மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிறவன். எத்தனை தார் ஏற்றினாலும் தோள் கொடுப்பான். அம்மாவுக்கு எதிராக ஒரு சொல்லை மட்டும் அவனால் தூக்க முடியாது.

"அம்மா சொன்னா... ஏதாச்சும் இருக்கும், வடிவு" என்று முனகிவிட்டு நழுவினான்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழத் தெரியாத தாய்க்கு என்ன கிடைக்கும்?

மூன்று வருஷத்துக்கு முன், தொண்ணூற்று மூன்றில், அப்போது குடியிருந்த ஹனூரில் தலைப்பிள்ளை பிறந்தான். நாடி மெதுவாக, மெதுவாக அடித்தது. இரண்டாம் நாள் நின்றுவிட்டது. உறவுப் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நடுவில் வடிவு. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கண்ணில் மணலை வாரிக் கொட்டியது போல் எரிந்தது. ஆனால் ஒரு சொட்டு வரவில்லை.

"ஊரே பாக்குதுடி... எச்சிலையாச்சும் தொட்டுக் கண்ணுல வை!" என்று ஒப்பாரிக்கு நடுவே பாப்பம்மாள் காதில் சீறினாள்.

வடிவு விரலை வாயில் விட்டாள். விரல் போனபடியே காய்ந்து வெளியே வந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மாமியார் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு விழித்தாள்.

எல்லாரும் பார்க்க விரலைக் காட்டி என்னை ஏளனம் செய்தாள் என்று பாப்பம்மாள் அன்றைக்கு முடிவு கட்டினாள். அந்த முடிவை மூன்று வருஷமாக யாராலும் அசைக்க முடியவில்லை.

களிக்கு ஏசிய அன்றே காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருந்தார்கள். குழந்தையின் நாடியைப் பார்த்த நாளே டாக்டர் காமாக்ஷி தாயின் ரத்தத்தையும் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தார். பஸ்ஸில் பாப்பம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வடிவு குழந்தைத் துணிப் பையோடு பக்கத்தில் நின்றாள். வழியெல்லாம் பிரசவ ஆபரேஷனில் தைத்த வயிறு இழுத்துப் பிடித்தது. உட்காருகிறாயா என்று கேட்க ஆளில்லை. அவளுக்கும் கேட்டு வாங்கத் தெம்பில்லை.

டாக்டர் குழந்தையின் மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு ஒரு காகிதத்தைப் பிரித்தார்.

"நிமிஷத்துக்கு அறுபதுதான் துடிக்கறது. இந்த வயசுக்கு இதுபோல ரெண்டு மடங்கு இருக்கணும். ஏன்னு இப்பத் தெரிஞ்சுடுத்து. நோய்க்கிருமி வந்தா அடிச்சு விரட்டறதுக்கு நம்ம ரத்தத்துல காவல் இருக்கும்மா. வடிவோட ரத்தத்துல அந்தக் காவல் தடம் மாறி, சொந்த உடம்பையே அடிக்கறது. கர்ப்பத்துல அதுவே தொப்புள்கொடி வழியாப் போய், குழந்தையோட இதயத்துல துடிப்பு போற பாதையைக் கெடுத்துடுத்து. மொதல் குழந்தைக்கும் இதுவாத்தான் இருந்திருக்கணும்."

பாப்பம்மாள் சடாரென்று எழுந்தாள். "நான் சொன்னனே! கேட்டீங்களா டாக்டரம்மா? இவ ரத்தமே வெசமுங்க! ரெண்டு உசுரையும் இவதான்..."

வடிவுக்குக் காது அடைத்தது. இத்தனை நாளும் மாமியார் சொன்னது பொய் என்ற ஒரே பிடிமானத்தில்தான் அவள் நின்றிருந்தாள். அதுவும் போயிற்று. என் பிள்ளையை நானேவா? என் வயிற்றுக்குள்ளேயா?

"அத்தை..." என்றாள் வடிவு. "நீங்க சொன்னபடியே பண்ணுங்க. பாப்பாவ அக்காகிட்டயே குடுத்துருங்க. நான் இன்னிக்கே கோபிநத்தம் போயிக்கறேன். என்ற ரத்தம் பட்டவரைக்கும் போதும்... இவளாவது பொழைக்கட்டும்."

சொல்லிவிட்டு உலர்ந்த கண்களை முந்தானையால் அழுத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா! பிள்ளையத் தூக்கிக் குடுக்கறப்பக்கூட ஒரு சொட்டு வருதா பாருங்க!"

டாக்டர் காமாக்ஷி மேஜை இழுப்பறையிலிருந்து மெல்லிய காகிதப் பட்டைகள் இரண்டை எடுத்தார். கண் பிரிவிலிருந்து வாங்கி வைத்திருந்தவை. ஒன்றின் நுனியை மடித்து வடிவின் கீழ் இமையில் செருகினார்.

"அம்மா, நீங்களும் உக்காருங்கோ. குழந்தையை நர்ஸ்கிட்டக் குடுங்கோ."

"எனக்கு எதுக்குங்க?"

"உக்காருங்கோ!"

மூன்று வருஷமாக யாருக்கும் அடங்காத பாப்பம்மாள் அந்த ஒரு சொல்லுக்கு அடங்கி உட்கார்ந்தாள். மாமியாரும் மருமகளும் இமையில் காகிதம் தொங்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வேறு நாளாயிருந்தால் வடிவுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

ஐந்து நிமிஷம் கழித்து டாக்டர் இரண்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாப்பம்மாளுடையது முழுக்க ஊறிக் கிடந்தது. வடிவுடையது கத்தரித்த அன்றைக்கு இருந்தது போலவே காய்ந்திருந்தது.

"அவ ரத்தம் மொதல்ல அடிச்சது அவ கண்ணீரைத்தான். வாய்ல எச்சிலும் ஊறாது. தண்ணி இல்லாம ஒரு வாய் முழுங்க முடியாது. இது இவ எதையோ செஞ்சு வந்ததில்லை, செய்யாம விட்டு வந்ததும் இல்லை. தெரிஞ்சிருந்தாலும் தடுத்திருக்க முடியாது. தாய்ப்பாலுக்குக் குத்தம் இல்லை. அவ கையிலயும் குத்தம் இல்லை. பாதை போனது போனதுதான், திரும்பாது. ஆனா குழந்தை பால் குடிக்கறா, எடை ஏறறா. மாசாமாசம் காட்டணும். வேணும்னா பெங்களூர்ல துடிப்புக்கு ஒரு சின்ன மெஷின் வைப்பா. அதுவரைக்கும் இவளுக்கு அம்மா வேணும். பெத்தவதான் வேணும்."

பாப்பம்மாள் காதில் பாதிதான் விழுந்தது. அவள் அந்தக் காய்ந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் தொட்டாள். புரட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்கு... ஹனூருல... எச்சில் தொட்டு வைன்னு நான் சொன்னப்ப..."

"வாயிலயும் இல்லீங்கத்தை" என்றாள் வடிவு. "அதைத்தான் உங்ககிட்டக் காட்டினேன்."

பாப்பம்மாளின் வாய் கோணியது. "காட்டினயே... என்ற கண்ணு முன்னாலயே காட்டினயே அம்மிணி! நான் பாவி, ஏளனம்னு நெனச்சுட்டனே!" என்று அலறிக்கொண்டு எழுந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "பிள்ளையப் பறிகுடுத்துட்டு அழக்கூட முடியாம உள்ளுக்குள்ளயே வெந்தயா? களிக்குத் தண்ணி குடிச்சதுக்கெல்லாம் ஏசினனே..."

வடிவின் தோள் நனைந்தது. யாருடைய அழுகையோ தன் மேல் பட்டு எத்தனை காலமாயிற்று! மாமியாரின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். திட்டவேண்டும் என்று மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அலுப்பு மட்டும்தான் மிச்சமிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஓர் இடம் இருந்தது. பாப்பம்மாள் வடிவை உட்கார வைத்து, குழந்தையை அவள் மடியில் கிடத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டு வாசலில் சுலோசனா வழக்கம்போல இரு கையையும் நீட்டினாள்.

"அவகிட்டயே இருக்கட்டும், சுலோசனா."

சுலோசனா மாமியாரின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கையை மெல்ல இறக்கி, குழந்தையின் பாதத்தை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைப் பாப்பம்மாள்தான் விட்டாள். மருமகளின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணுக்கு ஒரு சொட்டு. இன்னொன்றும் தவறி விழுந்து, வடிவின் கன்னத்தில் வழிந்தது.

"நீ அழவே வேண்டாம் அம்மிணி... பேரனுக்கு உன்ற பங்கையும் சேத்து நானே அழுதுக்கறேன்."

வடிவு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். மூடிய கண் வெகு நாளைக்குப் பிறகு எரியாமல் இருந்தது. அவள் கண் திறந்தபோது, காலையில் பாதியில் விட்ட களித்தட்டு முன்னால் இருந்தது. பக்கத்தில் இரண்டு சொம்பு நிறையத் தண்ணீர்.