ஜோடிக்கு ஒரு குழி

செவ்வந்தி அன்றைக்கு ரசத்தில் தக்காளி போடவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"கூலிய ஏத்திட்டோம்னு டிவியில சொல்லிக்கினே கீறாங்க. நம்ம வூட்டுக்கு மட்டும் வரல. ஏறுன பணம் எங்கடி போச்சு?" தெருவே கேட்கும்படி கத்தினான் புருஷன் பொன்னுரங்கம்.

"கூலி ஒரு படி ஏறுறதுக்குள்ள தக்காளி ரெண்டு படி ஏறிடுதுங்க..."

"பேச்ச மாத்தாத!"

மாமியார் ஆண்டாளும் அதே நூறு நாள் வேலைக்குத்தான் போகிறாள். உண்மை அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "சங்கராபுரத்துல அண்ணங்காரன் கீறானே! அங்க போயிருக்கும்" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

 செவ்வந்தி ஒரு வார்த்தை சொன்னால் பழி தீர்ந்துவிடும். ஆனால் மாமியாரின் மானம் போய்விடுமே! மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நியாயம் கேட்கிறேன் பேர்வழி என்று பொன்னுரங்கம் வேலை நடக்கிற ஏரிக்கே வந்து நின்றான். வேப்ப மரத்தடியில் அவனைப் பெற்றவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். வெயிலில் செவ்வந்தி தனியாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?" என்று பணித்தளப் பொறுப்பாளர் நிர்மலாவைக் கேட்டான்.

"ஜோடிக்கு ஒரு குழிண்ணே. அளந்து பாத்துதான் கூலி. அளவு கொறஞ்சா ரெண்டு பேருக்கும் கம்மி. ஒங்கம்மா ஆஜர் போட்டோ எடுக்கறப்ப மட்டும்தான் எழுந்து நிப்பாங்க. வேற ஜோடி சேந்துக்கன்னா ஒங்க வூட்டம்மா கேக்க மாட்டேங்குது. அத்தைக்கு முட்டி வலியாம்!"

பொன்னுரங்கம் மண்வெட்டியைப் பிடுங்கிக் குழியில் குதித்தான்.

"ஏறுங்கண்ணே மேல! பேர் இல்லாதவரு வெட்டுனா எல்லார் கூலிக்கும் வேட்டு!"

சத்தத்தில் விழித்த ஆண்டாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "எம்பேரு கீதுல்ல? நான் வெட்றேன்!" என்று வீராப்பாக இறங்கினாள். நாலே வெட்டு. முட்டி மடங்கி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வூட்ல குந்திக்கினா தண்டச்சோறு ஆயிடுவேனேன்னு வந்தேன்டி... ஒம்மேலயே பழிய போட்டுட்டேனே, பாவி!"

"வுடுங்க அத்த... எங்கம்மாவா இருந்தா தூக்கிப் போட்டுட்டா போவேன்?" செவ்வந்தி அவளை வாரி அணைத்துக்கொண்டாள்.

பொன்னுரங்கம் மெல்லக் கிட்டே வந்தான். "தப்புதான் செவ்வந்தி..." என்று முணுமுணுத்தான்.

"காலையில தெரு முச்சூடும் கேட்டுச்சு. இப்ப இன்னாங்க குசுகுசுன்னு?"

வேலை செய்த பெண்கள் எல்லாரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமினான்.

"எம்பொண்டாட்டி யாருக்கும் பணம் குடுக்கல! நான்தான் மடையன்!"

ஏரி முழுக்கச் சிரிப்பு எழுந்தது. செவ்வந்தி மட்டும் மாமியாரின் தோளில் முகம் புதைத்து விக்கி விக்கி அழுதாள்.