இரண்டு விரல் இடைவெளி

மதியம் மூன்று மணிக்கு அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரி வாசலில் அன்பரசு தன் கேரவனைக் கொண்டுவந்து நிறுத்தினான். மூன்று நாளாக விடாத மழை. குறைமாதத்தில் பிறந்து, இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த மகளை அன்றுதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குளிர் மட்டும் படவே கூடாது என்று டாக்டர் மூன்று முறை சொல்லிவிட்டார்.

அன்பரசுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. கடலூர் ஜில்லாவில் வேறு எவன் வண்டியில் டீசலில் எரியும் ஹீட்டர் இருக்கிறது? படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே உள்ள பழைய வண்டி. பிச்சாவரத்துக்கு வரும் ஷூட்டிங் ஆட்களுக்கு வாடகைக்கு விடலாமென்று போன வருஷம், 2009இல், ஊட்டியில் வாங்கினான். விற்றவர் சாவியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "ஹீட்டர் போட்டா பின்னாடி ஜன்னல ரெண்டு விரல் தொறந்து வைங்க. புகை உள்ள தங்கிச்சுன்னா தூக்கத்துலயே ஆளை முடிச்சிரும். யார் மூடச் சொன்னாலும் மூடாதீங்க."

நம்மூர் புழுக்கத்தில் எவன் ஹீட்டர் போடப்போகிறான் என்று அன்று சிரித்தான்.

மனைவி ஜெயராணி குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு பின்னால் படுத்தாள். அவன் ஹீட்டரைப் போட்டு, ஜன்னலை விரல் வைத்து அளந்து திறந்துவிட்டு, கதவைச் சாத்தினான்.

வழியெல்லாம் அந்த இடைவெளியில் காற்று விசிலடித்துக்கொண்டே வந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் விசில் நின்றது.

இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தான். ஜன்னல் மூடியிருந்தது.

"ஏன் ஜெயா மூடுன?"

"நான் எந்திரிக்கவே இல்லீங்க."

தூக்கக் கலக்கத்தில் மூடியிருப்பாள் என்று நினைத்து, மறுபடி திறந்துவிட்டுக் கிளம்பினான். ஆலப்பாக்கம் வந்தது.

விசில் நின்றது.

சீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னத் திறப்பில் வாயை வைத்துக் கத்தினான். "ஜெயா! ஜன்னலு!"

அவள் குரல் குழறியது. "அந்த அக்காதான் மூடுனாங்க. பாப்பாவுக்குக் குளிருதாம்."

"எந்த அக்கா?"

"நீங்க கூட்டியாந்த நர்சக்கா. கால்மாட்டுல ஒக்காந்து என்னமோ பின்னிகிட்டிருக்காங்களே..."

அவன் யாரையும் கூட்டி வரவில்லை.

திறப்பின் வழியே பார்த்தான். படுக்கையின் கால்மாட்டில் மெத்தை அமுங்கியிருந்தது. அங்கே யாரும் இல்லை.

வண்டியை நிறுத்தி, சீட்டருகே இருந்த சுவிட்சில் ஹீட்டரை அணைத்துவிட்டுப் பின்னால் ஓடினான். கதவு திறக்கவில்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை. ஜன்னலோரம் முழுக்க, உள்ளிருந்து, சாம்பல் நிறக் கம்பளி நூலைத் திணித்து அடைத்திருந்தது.

"ஏசப்பா!" என்று அலறிக்கொண்டே ஜாக்கி லீவரால் கண்ணாடியை உடைத்தான். சூடான புகைக் காற்று முகத்தில் அடித்தது. உள்ளே ஏறி, இருவரையும் கொட்டும் மழைக்கு இழுத்து வந்தான். ஜெயராணி இருமினாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. எந்தக் குளிருக்குப் பயந்தானோ அதே குளிரில் அவளை ஏந்திப் பிடித்துக்கொண்டு, "அழுதுடு கண்ணு, அழுதுடு" என்று கெஞ்சினான்.

ரொம்ப நேரம் கழித்து அழுதாள்.

அந்த வாரமே கேரவனை உடைக்கப் போட்டுவிட்டான்.

சித்திரை வந்தது. அவர்கள் வீடிருந்த மஞ்சக்குப்பத்தில் தார் உருகும் வெயில். கரண்டும் இல்லை. குழந்தையை ஜன்னலோரம் தூங்க வைத்துவிட்டு ஜெயராணி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட வந்த அன்பரசு அறைக்கதவைத் தள்ளினான். அனலாக இருந்தது.

"ஜன்னல ஏன் மூடுன?"

"தொறந்துதாங்க வச்சிருந்தேன்," என்றது கொல்லைக் குரல்.

ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினான். உடம்பெல்லாம் வேர்வை. தலையில், அளவெடுத்தாற்போல், சாம்பல் நிறக் கம்பளிக் குல்லா. அதன் நூல் அறுபடாமல் கட்டிலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது.

நூல் மெல்ல இழுபட்டது.