ஏழாம் தாளும் ஐம்பத்தெட்டு குண்டூசிகளும்

காலை மணி 9.40. ஆவண அறையின் இரும்பு பீரோவை இரண்டு சாவிகளும் போட்டுத் திறந்தார்கள். வரைபடம் சுருட்டி வைக்கும் ஏழாம் எண் குழாய் வைத்த இடத்திலேயே இருந்தது. மூடி இறுகியிருந்தது. உள்ளே தாளும் இருந்தது. அது ஏழாம் தாள் இல்லை என்பதுதான் கோளாறு.

மூத்த நகரமைப்பு அலுவலருக்கு உருவும்போதே தெரிந்துவிட்டது. சுருளின் வெளிப்பக்கம் ஓடிய கோடுகள் கால்வாய்த் தெருவின் கோடுகள் அல்ல. மேசையில் விரித்தார். என்றோ ரத்தான ஒரு சந்தைத் திடலின் வரைபடம் அசையாமல் படுத்துக்கொண்டு அவரைப் பார்த்தது. எந்நேரமும் கையில் ஓரடி ஸ்கேலோடு திரிவதால் அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேலம்மா என்று பெயர். அந்த ஸ்கேல் நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். பழைய திட்டப்படி அறுபதடிச் சாலை கால்வாய்த் தெருவின் முதுகில் ஏறிப் போகிறது. ஐம்பத்தெட்டு வீடுகள் காலி. ஏழாம் தாள் அந்தச் சாலையைக் கால்வாய்க்கு அக்கரையில், காலியிடத்தின் வழியே திருப்பிவிட்டிருந்தது. ஐம்பத்தெட்டு வீட்டாரின் கையெழுத்தும் கைநாட்டும் அந்தத் தாளில்தான் இருந்தன. கணினியில் நகல் உண்டு, கையெழுத்து கிடையாது. புதிதாக வாங்கலாம் என்றால் அதற்கான கெடு போன வாரமே முடிந்துவிட்டது. மூன்று மணிக்குத் தாள் வராவிட்டால் பழைய திட்டமே இறுதி.

"ரெண்டு சாவி. ஒண்ணு ரெக்கார்டு கீப்பர்கிட்ட, ஒண்ணு உங்ககிட்ட," என்றார் இயக்குநர். "மூணு மணிக்குத் தாள் இல்லேன்னா நான் போலீசுக்குச் சொல்லித்தான் ஆகணும்."

"பூட்டும் உடையல, சாவியும் தொலையல. வேலியே பயிரை மேஞ்ச மாதிரி இருக்கு," என்றார் உதவி அலுவலர், பொதுவாக. அந்தப் பொது யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்கேலம்மாவின் நாற்காலிமேல் அவருக்கு நாலு வருடமாக ஒரு கண். சந்தைத் திடலை அவரே கோடுகள் உள்ளே போகும்படி சுருட்டி, ரப்பர் வளையம் மாட்டி, சாட்சிப்பொருள்போல மேசை ஓரத்தில் வைத்தார்.

10.15. ஸ்கேலம்மா முதலில் ரெக்கார்டு கீப்பரைப் பிடித்தார். ஓய்வு பெற மூன்று மாதம் இருந்த மனிதர். பயத்தில் வேர்த்துக்கொட்டியது.

"நேத்து குழாயைத் திறந்து பாத்தீங்களா?"

"இல்ல மேடம். நம்பர் பாத்து வாங்குவேன், நம்பர் பாத்துக் குடுப்பேன். உள்ள என்ன இருக்குன்னு முப்பத்தஞ்சு வருஷமா நான் பாத்ததில்ல. பாத்தாலும் எனக்கு விளங்காது."

"நானும் பாக்கல," என்றார் ஸ்கேலம்மா மெதுவாக.

நேற்று மாலை 5.30-க்கு வரைபடக் கூடத்தில் ஏழாம் தாளைத் தன் கையாலேயே குழாயில் போட்டு மூடியிருந்தார். இயக்குநர் கூப்பிட்டார். பத்து நிமிடம். திரும்பி வந்து, மேசையில் இருந்த குழாயை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆக, பீரோவுக்குள் போனதே சந்தைத் திடல்தான். பூட்டைப் பற்றிய பேச்சு வீண். பத்து நிமிடத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்தப் பத்து நிமிடம் கூடத்தில் மூன்று பேர்.

"வாசப்படியில சாவியோட நின்னேன் மேடம். உள்ளயே வரல," என்றார் ரெக்கார்டு கீப்பர்.

"போன்ல பேசிட்டிருந்தேன். மேசைக்கு முதுகு காட்டி," என்றார் உதவி அலுவலர். "என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"எல்லாரையும் கேக்கறேன்."

"உங்களையும் கேட்டுக்கிட்டீங்களா?"

அந்த அடியை ஸ்கேலம்மா வாங்கிக்கொண்டார். மூன்றாமவர் வரைவாளர். இருபத்திரண்டு வருடப் பழக்கம். நாலு பேர் முன்னால் மேடம், தனியே தங்கச்சி.

"என் பலகையில குனிஞ்சிருந்தேன் மேடம். எதையும் பாக்கல," என்றார். இப்போதும் குனிந்தேதான் இருந்தார். பலகையில் நாலு மூலையும் டேப் ஒட்டிய வெள்ளைத் தாள், கையில் பேனா. தாளில் இன்னும் ஒரு கோடு விழவில்லை.

12.50. அலுவலகக் கேட்டருகே கால்வாய்த் தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. முதல் வீட்டுக்காரி எழுந்து வந்தாள்.

"காலையிலேருந்து தொண்டையில எதுவும் இறங்கல மேடம். இன்னிக்கு முடிஞ்சிரும்ல?"

"முடிஞ்சிரும்மா," என்றார் ஸ்கேலம்மா. விடுவிடுவென்று படியேறினார். வரைவாளர் இன்னும் பலகையைவிட்டு எழவில்லை. கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவது அவர் வழக்கம். பன்னிரண்டரை அடித்தால் அவர் நாற்காலி காலியாகிவிடும்.

"சாப்பிடப் போகலையாண்ணே?"

"பசிக்கல தங்கச்சி."

தனக்காகப் பட்டினி கிடக்கிறார் என்று நினைத்து ஸ்கேலம்மாவுக்குக் கண் கலங்கியது.

1.40. கூட்ட அறை. சுவரில் சாஃப்ட் போர்டு. ஏழாம் தாள் ஒரு மாதம் அதில்தான் தொங்கியது. ஒவ்வொரு குடும்பமாக வந்து தங்கள் வீட்டின்மேல் ஒரு குண்டூசி குத்திவிட்டுப் போனார்கள். குழந்தைகளைத் தூக்கிப் பிடித்துக் குத்தவைத்தவர்களும் உண்டு. தாள் போய்விட்டது, துளைகள் இருந்தன. கையும் ஓடாமல் காலும் ஓடாமல், கணினி நகலை அவற்றின்மேல் பொருத்திப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஐம்பத்தெட்டு. பைத்தியம் பிடிக்காமல் இருக்க இன்னொரு முறை எண்ணினார். ஐம்பத்தெட்டு.

அக்கரையில் ஒரு துளைகூட இல்லை. புதுச் சாலை போவது அக்கரையில்தான். பழைய சர்வேயில் அது காலியிடம். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார், ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் காலியிடம் என்றால், ஒரு மனிதர் தினமும் எங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்?

ஸ்கேலம்மா நகலை அங்கேயே போட்டார். ஓடிப்போய்ச் சந்தைத் திடலின் ரப்பர் வளையத்தைக் கழற்றி விரித்தார். காலையில் சாதுவாகப் படுத்திருந்த தாள் இப்போது நாலு மூலையும் சுருண்டு எழுந்தது. கையால் அமுக்கினார், மறுபடி எழுந்தது. போதும். இதற்குமேல் தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை.

2.10. வரைபடக் கூடத்தில் வேறு யாருமில்லை.

"அண்ணே, எழுந்திருங்க."

அவர் பலகையில் ஊன்றிய முழங்கையை எடுக்கவில்லை.

"காலையில தாளை உருவினப்போ கோடெல்லாம் வெளிப்பக்கம் இருந்துச்சு. மத்தவங்க உள்பக்கமாத்தான் சுருட்டுவாங்க, படம் அழுக்காகக் கூடாதுன்னு. உதவி அலுவலர் என் கண்ணு முன்னாடியே அப்படித்தான் சுருட்டினார். விரிச்சா மூலை எழும்பக் கூடாதுன்னு படத்தை வெளியே வெச்சுச் சுருட்டறவங்க இந்த ஆபீஸ்ல ரெண்டே பேர். நானும் நீங்களும். நான் எடுக்கல."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அக்கரையிலதானே உங்க மக வீடு?"

"பதினோரு வீடு தங்கச்சி," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கோடு போட்டதே என் கைதான். ஸ்கேல் வெச்சு, என் பொண்ணு அடுப்பு மேலயே நேரா இழுத்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"மூணு வாட்டி உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். ஒவ்வொரு வாட்டியும் அந்தத் தெரு ஜனங்க உள்ள அழுதிட்டிருந்தாங்க. அதுக்கு நடுவுல புகுந்து என் பொண்ணு வீடுன்னு எப்படிச் சொல்ல? சொன்னா, அவங்க ஐம்பத்தெட்டு வீட்டையும் இடிங்கன்னு சொன்ன மாதிரி. சொல்லாமயே அதைத்தான் செஞ்சிருக்கேன்."

டேப்பை ஒவ்வொரு மூலையாக உரித்தார். வெள்ளைத் தாளுக்கு அடியில், காலையிலிருந்து அவர் முழங்கை ஊன்றியிருந்த இடத்தில், ஏழாம் தாள் கிடந்தது.

"கிழிச்சிடலாம்னுதான் எடுத்தேன். ஒவ்வொரு கைநாட்டா பாத்தேன். கை வரல."

ஸ்கேலம்மாவுக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. அதைவிட அதிகமாகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. ஆட்சேபப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"கூட்டம் முடியற வரைக்கும் எழுத்துல வர்ற ஆட்சேபம் செல்லும். பதினோரு வீட்டையும் எழுதுங்க."

"நான் திருடன் தங்கச்சி."

"திருடனுக்கும் மக உண்டு. எழுதுங்கண்ணே."

2.55. கருத்துக் கேட்புக் குழுவின் மேசையில் ஏழாம் தாள் விரிந்தது. ஒரு மூலையும் எழும்பவில்லை. இயக்குநர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"யாரு?"

ஸ்கேலம்மா வாசலைப் பார்த்தார். வாசலோரம் நின்றிருந்த வரைவாளர், சொல்லுங்கள் என்பதுபோல் தலையசைத்தார்.

"எடுத்தவர் வரைவாளர்," என்றார் ஸ்கேலம்மா, கூட்டத்துக்கே கேட்கும்படி. "அவரை எடுக்க வெச்சவ நான். ஒரு கரையில மாசக்கணக்கா உக்காந்து பேசினேன். மறு கரையில கால் வைக்கல. காலியிடம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அதையும் குறிச்சுக்குங்க."

உதவி அலுவலர் உடனே குறித்துக்கொண்டார்.

கால்வாய்த் தெரு தப்பியது, முப்பது நாளைக்கு. அக்கரை ஆட்சேபத்தைக் குழு நேரில் பார்த்து முடிவு செய்யும்வரை எந்தக் கரையிலும் எந்தச் சுவரும் இடியாது. அதற்குள் மூன்றாவதாக ஒரு வழி கிடைக்காவிட்டால், ஏதோ ஒரு கரைமேல் சாலை ஏறத்தான் போகிறது. முதல் வீட்டுக்காரி ஸ்கேலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை அவளிடமிருந்து எப்படி விடுவித்துக்கொள்வதென்று ஸ்கேலம்மாவுக்குத் தெரியவில்லை.

மாலை 5.00. வரைவாளர் இயக்குநர் அறையில் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்கேலம்மா நகலையும் குண்டூசி டப்பாவையும் எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்த பெண்ணுக்கு அப்பாவின் மூக்கு. பின்னால் மேசைமேல் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது.

"அப்பா இன்னிக்குச் சாப்பிட வரவே இல்ல. ரொம்ப வேலையா மேடம்?"

"சொல்றேன்மா. முதல்ல இதுல உங்க வீடு எங்கன்னு ஒரு ஊசி குத்திக் காட்டு."

அவள் நகலைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். கால்வாயைக் கண்டுபிடித்தாள். பாலத்தைக் கண்டுபிடித்தாள். ஊசி பிடித்த கை பாலத்தைத் தாண்டி வந்து, வெள்ளையாகக் கிடந்த இடத்தில் அந்தரத்திலேயே நின்றது.

"இதுல எங்க வீடே இல்லையே மேடம். எங்க குத்தறது?"