பத்துக்குப் பத்து

ருவான்வெல்லைக் கடைவீதியில் பவாஸின் இரும்புக்கடைக்குள் சுதர்ஷினி நுழைந்தபோது அவள் கையில் ஒரே ஒரு தாள் இருந்தது. அவள் தேடி வந்தது பவாஸை அல்ல, கடையின் பின்கட்டில் தேநீரோடு உட்கார்ந்திருந்த அவருடைய மச்சான் அப்துல் ரஸாக்கை. தொழில் அலுவலகத்தில் முப்பது வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். அவர் வேலையை விட்டாலும் வேலை அவரை விடவில்லை.

"எங்கப்பா ஏழுமலை, தோட்டத்துல இறப்பர் பால் வெட்டுறவருங்க. போன மாசம் விடியக்காலையில பள்ளத்துல விழுந்து செத்துப் போயிட்டாரு. குடிச்சிட்டு விழுந்தாருன்னு தோட்டத்துத் துரை எழுதிட்டாரு. டாக்டர் தாள்ல தலையில அடின்னு மட்டும்தான் இருக்கு. எங்கப்பா குடிக்கவே மாட்டாருங்க ஐயா."

அவள் நீட்டிய துரையின் தாளை ரஸாக் வாசித்தார். 'பால்வெட்டுக்கு மாதா மாதம் பத்துக்குப் பத்துப் புள்ளி பெற்ற தொழிலாளி, முப்பது வருடம் நடந்த பாதையில் நிதானத்தில் இருந்தால் தவறி விழ முடியாது.' நல்ல பெயரை வைத்தே ஒரு மனிதனின் பெயரைக் கெடுத்திருந்தார்கள்.

"இது கொலைதான்!" என்றார் பவாஸ். பக்கத்து வீட்டுக் கோழி காணாமல் போனாலும் அவருக்கு அது கொலைதான்.

"அப்பாவக் கடைசியா எப்ப கண்டீங்க, மகள்?" என்று கேட்டார் ரஸாக்.

"கேகாலையில துணிக்கடையில நிக்கிறேங்க. மாசத்துக்கு ஒருக்கா, ராத்திரி பஸ்ல வருவேன். முந்தியெல்லாம் டோர்ச் எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்து நிப்பாரு. ஆறு மாசமா வரல. கோவம்னு நெனச்சு நானும் சரியா பேசல." அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் மூவரும் தோட்டத்துக்குப் போனார்கள். பால் நிறுக்கும் கொட்டிலில், தொழிலாளிகளுக்குப் புள்ளி போடும் கணக்கப்பிள்ளை அஜந்தன் புள்ளித் தாள்களை எடுத்து வைத்தான். கட்டியிருந்த நீல நைலோன் கயிற்றை அவிழ்க்க அவனுக்கு நேரமெடுத்தது. அதே கயிற்றின் பெரிய உருண்டையொன்று மேசைக்கடியில் கிடந்தது. நாலைந்து முழத்துக்கு ஒரு முடிச்சு.

"அட, இது நம்மட கடைக் கயிறு," என்றார் பவாஸ். "வழுக்காத கயிறு வேணுமெண்டு ஒரு வயசான மனுசன் வாங்கினார்."

"முடிச்சுகளை எண்ணி வைங்க, மச்சான்," என்றார் ரஸாக், தாள்களிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன வருடத்துத் தாள்களில் குறைகள் நிறைய இருந்தன. 'கத்தி மொட்டை, தீட்டிக் கொடுத்தாயிற்று.' 'வெட்டின் சரிவு பிழை, காட்டிக் கொடுத்தாயிற்று.' இந்த வருடம் தை மாதத்திலிருந்து எல்லோருக்கும் பத்துக்குப் பத்து. குறை என்று ஒரு வரி இல்லை.

"தை மாசம் என்ன நடந்தது, தம்பி?"

"புதுச் சட்டம் வந்திச்சுங்க. புள்ளி ஏழுக்குக் கீழ போனா சம்பளம் கொறையும்." அஜந்தன் வெளியே பார்த்தபடி சொன்னான்.

பிறகு பவாஸை முடிச்சு எண்ண விட்டுவிட்டு, ரஸாக்கும் சுதர்ஷினியும் ஏழுமலையின் மரங்களுக்குப் போனார்கள். பாதையோரம் முதலாவது மரத்தில் பட்டை கண்டபடி வெட்டுப்பட்டு, கத்தி உள்ளே கட்டைவரை இறங்கியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. நாற்பத்தொரு மரம் தாண்டியதும் காயம் நின்றுவிட்டது. அதற்கப்பால் இருநூறு மரத்திலும் வெட்டு அவ்வளவு அழகு. காயப்பட்ட மரங்களில் மட்டும் இடுப்பளவில் கயிறு உரசிய தடம் வளையமாக இருந்தது.

"நாப்பத்தொரு முடிச்சு!" என்று மூச்சிரைக்க ஓடி வந்தார் பவாஸ். "ஆரோ கயித்தால தடுக்கி விழுத்தீக்கிறான்!"

"இல்ல மச்சான். கயிறு இருந்த நாளெல்லாம் அவர் விழல."

கொட்டிலுக்குத் திரும்பி, சுதர்ஷினியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ரஸாக் பேசினார்.

"ஒரே கை, ஒரே கத்தி. விடிய முந்தி இருட்டில வெட்டின முதல் நாப்பத்தொரு மரத்தில காயம், வெளிச்சம் வந்த பொறகு வெட்டினதில காயமில்ல. ராவைக்கு மகளைக் கூட்டிவரவும் போகல. அவருக்கு மாலைக்கண். நெத்தி லைட் வெட்டுற இடத்தை அரைகுறையாக் காட்டும், பாதையைக் காட்டாது. அதுக்குத்தான் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, மரம் தெரிய முடிச்சும் போட்டீக்கிறார். அந்தக் கயிறு உங்கட மேசைக்குக் கீழ ஏன் கிடக்குது, தம்பி?"

அஜந்தன் நின்றபடியே அழ ஆரம்பித்தான்.

"மூணு புள்ளிதாங்க போட்டிருக்கணும். போட்டா சம்பளம் போயிரும். 'எழுதிறாத தம்பி'ன்னு கையப் புடிச்சாரு. பத்துப் போட்டேன். அவரு விழுந்த அன்னிக்கு விடிய துரை அந்தப் பாதையால வாறதாச் சொன்னாங்க. கயித்தப் பாத்தா ரெண்டு பேரும் மாட்டுவோம்னு முந்தின நாள் பின்னேரமே அவுத்துட்டேன். 'நாளைக்கு வெளிச்சம் வந்தப்புறம் வாங்க'ன்னு சொன்னேங்க. பிந்தி வந்தா ஒரு புள்ளி போகும்ல? பத்துப் போட்ட எனக்குக் கெட்ட பேர் வரும்னு நேரத்துக்கே வந்துட்டாரு."

பவாஸ்கூட கொலை என்ற சொல்லை மறந்திருந்தார்.

"போன வருசம் இந்தத் தாள் வைத்தியம் பாத்துச்சு," என்றார் ரஸாக் மெதுவாக. "குறையை எழுதினா குறை தீர்ந்துச்சு. சம்பளத்தை அதில கட்டின நாளிலருந்து குறையை எழுதினா சோத்துப்பானையில கை வைக்கிற மாதிரி. பொறகு ஆரு எழுதுவாங்க? நல்ல மனசுள்ளவன்தான் முதல்ல பொய் எழுதுவான். மூணு எண்டு எழுதி, சம்பளத்தைத் தொடாம, கண் கிளினிக்குக்கு அனுப்பியிருந்தா மருந்து கிடைச்சீக்கும். இல்லாட்டி பகல் வேலை."

"இப்ப எழுதுங்க," என்றாள் சுதர்ஷினி. "எங்கப்பா குடிகாரர் இல்லன்னு உள்ளது உள்ளபடி எழுதுங்க. உங்க வேலை போனாலும் எழுதுங்க."

அஜந்தன் எழுதினான். 'பத்துக்கு மூன்று. இருட்டில் கண் தெரியாது. கண் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். கயிற்றை அவிழ்த்தது நான்.' அடியில் கையொப்பமிட்டுக் கொடுத்தான். அப்பா வாங்கிய மிகக் குறைந்த புள்ளியை அவள் இரண்டு தரம் வாசித்து, மடித்துப் பைக்குள் வைத்தாள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ரோட்டுக்கு ஏறும் பாதையில் அவள் நின்றுவிட்டாள்.

"எம்மேல கோவம் இல்லீங்களா ஐயா? கண்ணு தெரியாமதான் வராம இருந்தாரா?"

"கோவமில்ல, மகள்."

அவள் அந்த இடத்திலேயே குந்தி, வாய்விட்டு அழுதாள். அழுது முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு பவாஸ் தன் போன் டோர்ச்சை எரியவிட்டு, பஸ் நிற்கும் இடம்வரை அவளுக்கு முன்னால் நடந்தார்.