உயர்குலத்து மூச்சு

செவ்வாயில் வேரூன்றிய மிர்ரீக் சுல்தானகத்தில், முகமூடி இல்லாமல் வெளியில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் தாழ்ந்தவர்கள்.

காரணம் மூச்சணு. ரத்தத்தில் ஏற்றினால், மெல்லிய காற்றிலிருந்தும் அது உயிர்வளியைப் பிரித்துக் கொடுக்கும். பூமியில் காயல் கடற்கரையில் முத்துக் குளித்தவர்களின் சந்ததியினரான காயலாருடைய ரத்தத்திலிருந்து அதை முதலில் வளர்த்தார்கள். அதனாலேயே ஆட்சியிலிருந்த தூரானிய அமீர்கள் அதைத் தொடவில்லை. கண்ணாடி வளிமாடத்துக்குள்ளேயே வாழ்ந்தார்கள். காயலாரோடு ஒரே வரிசையில் நின்று தொழுவார்கள். ஒரே சகன் தட்டில் கைவைத்துச் சாப்பிடச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

அன்று வளிமாடத்தின் காற்றாக்கி வெடித்தது. முகமூடிக் குப்பிகளில் இருந்ததையும் சேர்த்து மறுநாள் மாலைவரைக்குத்தான் காற்று இருந்தது. அடுத்த கப்பல் வர நான்கு மாதம் ஆகும்.

ஆளுநர் குத்லுக் பேக், மருத்துவர் ருகையா நாச்சியை அழைத்தார். மாடத்தில் வேலை பார்த்த ஒரே காயல் பெண் அவள்.

"எல்லாருக்கும் போதுமான ஊசி இருக்கிறது, அமீர் அவர்களே. இப்போதே போட்டுக்கொண்டால் காலையில் வெளியேறலாம்."

"யாருடைய ரத்தம்?"

"என்னுடையது."

அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அதைக் கழுவிச் சுத்தப்படுத்த முடியாதா?"

"கழுவினால் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்."

அவருடைய மகள் குல்செஹ்ரா சட்டைக் கையை மடித்துவிட்டு ருகையாவின் முன் உட்கார்ந்தாள். ஊசி இறங்கியது. குத்லுக் பேக் எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார். "என் மகள் இன்று இறந்துவிட்டதாக எழுது" என்றார். குல்செஹ்ரா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி ருகையாவிடம் கேட்டார்: "வேறு குலத்து மூச்சணு ஏதாவது உண்டா?"

"ஹபஷி சுரங்கத் தொழிலாளர்களுடையது கொஞ்சம் இருக்கிறது. அதுவும் நன்றாக வேலை செய்யும்."

அவர் கைக்குட்டையை விலக்கினார். "இரண்டில் எது குறைந்த இழிவு?"

ருகையா இரண்டு ஊசிப் பெட்டிகளையும் மேசைமேல் திறந்து வைத்தாள். காலையில் குல்செஹ்ராவையும், ஊசி போட்டுக்கொண்ட சமையற்காரர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறினாள்.

குத்லுக் பேக் அமீர்களின் அவையைக் கூட்டினார். காயலார் மீன் தின்பவர்கள் என்றார் ஒருவர். ஹபஷிகள் அடிமை வழி வந்தவர்கள் என்றார் இன்னொருவர். பாட்டனார் பெயர்களைச் சொல்லிச் சொல்லியே பகல் போயிற்று.

குல்செஹ்ரா கண்ணாடிக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தாள். தந்தை எழுந்து நின்று பேசுவதைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தாள். மாலையில், காற்று தீரத் தீர, அவர் தூணில் சாய்ந்தபடி, எதிரில் இருந்தவரை மறுத்து ஒரு விரலை உயர்த்தினார்.

அந்த விரல் இறங்கிய பிறகு அவையில் யாரும் மறுத்துப் பேசவில்லை.