இருபத்தேழு கட்டைவிரல்

"ஐயோ... போச்சே! எல்லாம் போச்சே!"

காலை பத்தே கால். ஏழைகள் சேமிப்புத் திட்ட ஆபீசே அதிர்ந்தது. அலறியவர் மேனேஜர்!

பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்த துப்புரவுக்காரி நிதானமாக நிமிர்ந்தாள். வாயே திறக்காதவள் என்பதால் அவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர் ஊமச்சி.

இந்த அலறலைக் கேட்கத்தான் பதினாலு மாதமாகக் காத்திருந்தாள்!

மிரண்டுபோன கேஷியர் போலீசுக்கு போன் போட, இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார்.

"என்ன சார் போச்சு?"

"இருபத்தேழு கணக்கு... சுத்தமா காலி!"

"யாரோட கணக்கு?"

"மூட்டை தூக்கறவங்க, துணி தைக்கறவங்க... எல்லாம் இல்லாதப்பட்டவங்க."

"யார் எடுத்தது?"

மேனேஜர் இழுத்தார். "அ... அவங்களேதான்."

"அவங்க கணக்கு, அவங்க எடுத்தாங்க. இதுக்கா இந்தக் கூப்பாடு?"

ஊமச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

திட்டம் நல்ல திட்டம்தான். ஏழை எவ்வளவு சேர்க்கிறானோ, அரசாங்கமும் அவ்வளவு போடும். கையில் தராது. வண்டியோ மெஷினோ வாங்கினால் கடைக்காரனுக்கு நேராகப் போய்விடும்.

அவள் புருஷனும் சேர்த்தான். சொந்த வண்டி வாங்க!

ஒரே ஒரு மாதம் பணம் கட்டத் தவறினான். கணக்கை மூடிவிட்டார் இந்த மகானுபாவர். வாடகை வண்டியையே ஓட்டினான். பிரேக் பிடிக்கவில்லை. பிணமாகத்தான் வீடு வந்தான்.

அதற்கப்புறம்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். போன மாதம் மேனேஜரின் மேஜையைத் துடைக்கும்போது பணம் எடுக்கும் விண்ணப்பங்கள் இருபத்தேழு சிக்கின! மேனேஜர் கையெழுத்து, சீல் எல்லாம் ரெடி. கடை பெயரும் கட்டைவிரல் ரேகையும்தான் பாக்கி.

ஏழைகள் பெயரில், அவர்களுக்கே தெரியாத கணக்கு! போட்ட பணம் மேனேஜரின் மச்சினனுடையது. வட்டிக்கு விடுகிற ரவுடி. இல்லாத கடையில் வாங்கியதாகக் காட்டி, இரட்டிப்பாகச் சுருட்ட ஏற்பாடு. மேனேஜர் போனில் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஊமச்சிதானே, செவிடு இல்லையே!

அந்த இருபத்தேழு பேர் கதவையும் தட்டினாள். வாங்கின ரேகை அசல். எழுதின கடையும் அசல். விண்ணப்பங்களைத் தலைமை ஆபீஸ் தபாலோடு சொருகினாள். நேற்றோடு இருபத்தேழு வீட்டிலும் மெஷினோ வண்டியோ வந்து இறங்கிவிட்டது!

இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கினார். "உங்களுக்கு ஏன் சார் இப்படி வேர்க்குது? அதுல உங்க பணம் ஏதாவது...?"

"சேச்சே! என்ன சார் நீங்க!"

"அப்ப எழுதிக் குடுங்க. தப்பு எதுவும் நடக்கல, புகார் இல்லன்னு."

எழுதிக் கொடுத்தார்.

பேனாவை மூடுவதற்குள் போன் அலறியது. மச்சினன்!

"மாமா... வாசல்லதான் நிக்கறேன். பணத்தை எடுத்து வைங்க."

மேனேஜர் தடாலென்று இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தார்.

"சார்! என்னை அரெஸ்ட் பண்ணுங்க! எல்லா ஃப்ராடும் நான்தான்! லாக்கப்ல போடுங்க!"

"இப்பத்தானே தப்பே நடக்கலன்னு எழுதினீங்க?"

"பொய் சார்! அத்தனையும் பொய்!"

"சரி சரி... மேலிடத்துல கேட்டுட்டு சாயங்காலம் வர்றேன்."

"சாயங்காலம் வரைக்கும் நான் உயிரோட இருக்க மாட்டேனே!"

இன்ஸ்பெக்டர் ஜீப் ஏறிப் போய்விட்டார்.

மேனேஜர் திரும்பினார். கதவருகே ஊமச்சி. அவள் பார்வையில் எல்லாம் புரிந்துபோனது.

"நீ... நீயா?"

"என் புருஷன் ஒரு மாசம் தவணை கேட்டாரு. உங்களுக்கு மனசு வரல."

வயிறு குளிர்ந்தது அவளுக்கு. வாசலில் நின்ற மச்சினனுக்குக் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்கண்ணே... உள்ள வாங்க! சார் ஃப்ரீயாத்தான் இருக்காரு!"