ஜில்லென்றிருந்த தகடுகள்

ஒரு பெசோ நாணயம் போட்டால் கணினி ஐந்து நிமிடம் ஓட வேண்டும். நான்காம் எண் கணினி மட்டும் நான்காவது நிமிடத்திலேயே அணைந்துவிடுகிறது. ஏன்?

ஜொவிலினுக்குப் புரியவில்லை. பிலிப்பைன்ஸின் தாவாவோ நகரத்துச் சந்து ஒன்றில் அவள் அம்மா நடத்தும், காசு போட்டு ஆடும் கணினிக் கடை அது. மொத்தம் நான்கு கணினிகள். முதல் மூன்றை எப்போதும் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள். நான்காவதில்தான் ஜொவிலினுக்கும் அவள் தோழிகளுக்கும் இடம் கிடைக்கும்.

அது சூடாகிறது என்று நேற்று அண்ணன் ரோடெல் புதிய குளிர்விப்பான் ஒன்றை மாட்டினான். நிறைய உலோகத் தகடுகளும் பெரிய மின்விசிறியும் கொண்டது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் கணினி முன்பைவிட மோசமாகிவிட்டது.

"மதர்போர்டு செத்துப்போச்சும்மா. பழைய சாமான் வண்டி வருது, போட்டுடலாம்" என்றான் ரோடெல்.

"போடக் கூடாது!" ஜொவிலின் கணினிக்கு முன்னால் போய் நின்றாள்.

"டாக்டரம்மா வந்துட்டாங்கடா!" என்று முதல் கணினியிலிருந்த பையன் சிரித்தான்.

"ஆமா, வந்துட்டேன். நீ உன் ஆட்டத்தைப் பாரு. தோத்துக்கிட்டிருக்க."

தெருமுனையில் வண்டியின் மணி கேட்டது. ஜொவிலின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு நாணயம் போட்டாள். மின்விசிறி நன்றாகவே சுற்றியது. நான்கு நிமிடம். திரை அணைந்தது. தகடுகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணா, இது ஜில்லுனு இருக்கு!"

"குளிர வைக்கிற சாமான் ஜில்லுனுதான் இருக்கும்."

"இல்ல! சிப்போட சூட்டைத் தகடு வாங்கிக்கணும். அப்புறம் ஃபேன் அதை ஊதி வெளிய தள்ளணும். தகடே சூடாகலன்னா, சூடு இங்க வந்தே சேரல. சோத்துப் பானையைத் துணி வெச்சுப் பிடிச்சா கை சுடாதுல்ல? நடுவுல ஏதோ துணி மாதிரி இருக்கு. கழட்டிப் பாக்கணும்."

"தொடாத. உனக்குப் பத்து வயசு."

"உனக்குப் பதினாறு. நீ மாட்டினதுதான ஓடல?"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வண்டி வாசலுக்கு வர்ற வரைக்கும் டைம்."

ஜொவிலின் முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் இரும்பைத் தொட்டாள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்க வேண்டுமே. மின்விசிறியின் வயரையும் உருவினாள். நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். ஒரே பக்கமாகக் கழற்றினால் குளிர்விப்பான் சாய்ந்து சிப்பை அழுத்திவிடும்.

மெதுவாக இடமும் வலமும் அசைத்துத் தூக்கினாள். அடியில், சூட்டைக் கடத்துவதற்காகத் தடவும் சாம்பல் நிறப் பசை. ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தாள். குளிர்விப்பானின் அடிப்பரப்பில் ஓர் ஓரம் மட்டும் மேலே எழும்பியது. பிடித்து இழுத்தாள்.

சர்ர்ர்!

கண்ணுக்கே தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் தாள்!

"பிரிக்காமலே மாட்டிட்டியா?"

ரோடெலின் காது சிவந்தது. "புதுசுல்ல... பிரிச்சா அழுக்காயிடும்னு அம்மாதான சொல்வாங்க!"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தன் கையிலிருந்த டிவி ரிமோட்டைப் பார்த்தார். வாங்கி ஐந்து வருடம் ஆகியும் அது பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. மெல்ல அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"என்னம்மா, பழைய பெட்டி இருக்குன்னாங்களே?" வாசலில் வண்டிக்காரர்.

"இல்ல மாமா! இது எங்கயும் வராது!" என்றாள் ஜொவிலின். வண்டி மணியடித்துக்கொண்டே நகர்ந்தது.

சிப்பில் ஒட்டியிருந்த பழைய பசையையும் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதுப் பசை வைத்தாள். திருகுகளை மறுபடி மூலைக்கு மூலை முடுக்கினாள்.

"ஃபேன் வயரை மாட்ட மறந்துடாத" என்றான் ரோடெல், ஒரு மாதிரியான குரலில்.

"நீயே மாட்டு அண்ணா."

மாட்டினான். ஜொவிலின் நாணயம் போட்டாள். நான்கு நிமிடம் ஆனது. திரை அணையவில்லை. இன்னொரு நாணயம். பிறகு இன்னொன்று. தகடுகளைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தன.

நடுவில் இருந்த பிளாஸ்டிக் போனதும் சிப்பின் சூடு தகடுகளுக்கு வந்தது. மின்விசிறி அதை ஊதி வெளியே தள்ளியது. நான்காம் எண் கணினி அணையாமல் ஓடியது.